தளவாய் பூட்ஸ் வாங்கிக் கால் ஊன்றிய கதை

நெட்டையாபுரம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். "நாங்க இருக்கிற இடத்திலதான் இருக்கு, வேற எங்கன போவும்?" என்பார்கள். தாமிரபரணிக்குத் தெற்கே, வயலும் வாழையுமாக ஏதோ ஓரிடம் என்று வைத்துக்கொள்வோம்.

பேரைக் கேட்டு, தென்னை உயரத்துக்கு ஆட்கள் நடமாடுகிற ஊர் என்று நம்பிப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஊரை உண்டாக்கிய நெட்டையா ஒருவர்தான் உயரம். அவரும் வாசல் நிலையில் தலை இடித்து இடித்தே போய்ச் சேர்ந்தாராம். அதைப் பார்த்துப் பயந்த அவருடைய பிள்ளைகள் வளர்வதை நிறுத்திக்கொண்டார்கள். இன்று வரைக்கும் அந்த ஊரில் எவனும் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

குட்டையாக இருப்பதில் ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் நெட்டையாபுரத்து ஆண்பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் மட்டும் உயரமாக இருக்க வேண்டும். "உங்க உயரத்துக்கு இந்தச் சின்ன வண்டி தோதா இருக்கும் அண்ணாச்சி" என்று கடையில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். "என் உயரம் போதாமத்தானவே வண்டி வாங்க வந்திருக்கேன். அதுலயும் குட்டையா எடுத்துத் தாரேங்கீரு" என்று சண்டைக்கு நிற்பார்கள். கடைசியில், மலை ஏறுவதற்கென்றே செய்த வண்டியாக, முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஆட்டுக்குட்டி நுழைந்து போகிற மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்கி வருவார்கள்.

ஏறுவதில் சிரமமில்லை, பின்னாலிருந்து இரண்டு பேர் தூக்கிவிட்டால் ஏறிவிடலாம். ஓட்டுவதிலும் சிரமமில்லை. நிறுத்துவதில்தான் சங்கடம், ஏனென்றால் கால் தரைக்கு எட்டாது. அதற்கும் அவர்கள் வழி வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் வைக்கோல் படப்பில் கொண்டுபோய்ச் சொருகிவிடுவார்கள். வெளியூர் போனால் நிற்பதே இல்லை. டீ குடிக்க வேண்டுமென்றால் டீக்கடையைச் சுற்றி வருவார்கள். ஒரு சுற்றில் "ஒரு டீ" என்பார்கள். அடுத்த சுற்றில் "சீனி கம்மி" என்பார்கள். அதற்கடுத்த சுற்றில் கிளாஸை வாங்கிக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தபடி கடையை ஏழெட்டுத் தடவை வலம் வந்து, காலி கிளாஸைத் திருப்பித் தருவார்கள். அந்தப் பக்கத்து டீக்கடைக்காரர்களுக்கு இதனால் கழுத்து நன்றாகச் சுழலும்.

இந்த ஊரில்தான் தளவாய் இருந்தான். ஒரு வெற்றிலைக் கொடிக்காலும், ஊரிலேயே உயரமான சிவப்பு வண்டி ஒன்றும் அவனுக்குச் சொந்தம். கல்யாண வயது. பனையடிப்பட்டி சிவனணைந்தான் மகள் செண்பகவடிவைப் பேசி முடிக்கலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். கூட்டாளி கொம்பையா இன்னொரு வண்டியில் வர, கையில் ஒரு அல்வாப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு பெண் பார்க்கப் புறப்பட்டான்.

பனையடிப்பட்டி ஆட்கள் உயரமானவர்கள். சிவனணைந்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தும், தளவாய் வண்டியில் இருந்து பார்க்கும்போது நேருக்கு நேர் முகம் தெரிந்தது. அதுவே தளவாய்க்குப் பெருமையாக இருந்தது.

"வாங்க மாப்ளே, வாங்க" என்றார்.

"வந்தேன் மாமா" என்று சொல்லிவிட்டுத் தளவாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு போனான். அடுத்த சுற்றில், "சௌக்கியமா?" என்று கேட்டான். கொம்பையா பின்னாலேயே வந்து, "அவன் கேட்டதுதான் நானும்" என்றான். மூன்றாவது சுற்றில் "பொண்ணு எங்கன?" என்றான் தளவாய். சிவனணைந்தான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை கொல்லைப்புறம் போயிருந்தான். கொல்லையில் கோழிகள் பறந்தன. சுற்றுச் சுற்றாகப் பேச்சு நடந்ததில் பெண்ணின் படிப்பு வரைக்கும் வந்துவிட்டார்கள்.

சிவனணைந்தானுக்குத் தலை கிறுகிறுத்தது. "நில்லும்வே" என்றார்.

பெரியவர் சொல்லைத் தட்டுவது நெட்டையாபுரத்தில் வழக்கமில்லை. தளவாய் நின்றான். நின்ற வண்டி அப்படியே ஒரு பக்கமாகப் படுத்தது. பாயில் காயப்போட்டிருந்த கூழ்வடகத்தின் மேல் மாப்பிள்ளை விழுந்தான். பின்னால் வந்த கொம்பையா, "எனக்கும் சேத்துத்தான் சொன்னியளா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தானும் நின்று, மிச்ச வடகத்தில் விழுந்தான்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. "யப்பா, ஆள் விழுந்தாலும் அல்வாவை விடலை பாத்தியளா. கையைத் தூக்கியே வச்சிருக்காவ" என்றாள் செண்பகவடிவு.

வடகத்தில் கிடந்த தளவாய்க்கு அந்தக் குரல் காதில் விழுந்ததும் எழுந்திருக்கவே மனசில்லை. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டான்.

சிவனணைந்தான் வடகத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "கேட்டுக்கிடும். ஆவணியில நிச்சயதார்த்தம். அன்னைக்கு நீரு வண்டியில வந்து, என் வாசல்ல ஒரு காலாவது தரையில ஊணி, சாயாம நின்னு, என்கிட்ட ஒரு வார்த்தை பேசணும். பேசினா தட்டு மாத்துதேன். இல்லேன்னா உரக்கடைக்காரர் மகன் கேட்டுக்கிட்டு இருக்கான். ஆறடி. அவன் நின்னா நிக்கிறான்" என்றார்.

"ஏன், அவிய நடந்து வரப்படாதா?" என்று ஜன்னல் கேட்டது.

"மாப்பிள்ளை நடந்து வாரதுன்னா வண்டி எதுக்கு?" என்று தளவாயும் சிவனணைந்தானும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மாமனுக்கும் மருமகனுக்கும் ஒத்துப்போயிற்று.

அன்று சாயங்காலமே வைக்கோல் படப்பில் வண்டியைச் சொருகியபடி உட்கார்ந்து ஆலோசனை நடந்தது. நெட்டையாபுரத்தில் எந்தக் காரியத்துக்கும் ஆவுடையப்பன் அண்ணாச்சியைத்தான் கேட்பார்கள். அவர் ஒருமுறை ரயிலில் விருதுநகர் வரைக்கும் போய், இறங்க மறந்து மதுரையைப் பார்த்துவிட்டு வந்தவர். உலகம் தெரிந்தவர்.

"விஷயம் என்னன்னா" என்றார் ஆவுடையப்பன், "வண்டிக்கும் தரைக்கும் நடுவுல இடம் ஜாஸ்தியா இருக்கு. வண்டி எறங்கணும், இல்லேன்னா காலு நீளணும்."

"வண்டியை எப்படி அண்ணாச்சி எறக்கறது?"

"டயர்ல காத்து இருக்கில்ல, அதைப் பிடுங்கிவிடு. காத்துதானே அதைத் தூக்கி நிப்பாட்டியிருக்கு."

பிடுங்கினார்கள். வண்டி இரண்டு விரல்கடை இறங்கிற்று. ஆனால் தள்ளினாலும் நகரவில்லை.

"நிக்கிது பாத்தியா" என்றார் ஆவுடையப்பன். "நிக்கிறதுதானே நமக்கு வேணும்."

"பனையடிப்பட்டியில நிக்கணும் அண்ணாச்சி. இது இங்கயே நிக்கிது."

ஆவுடையப்பன் நெடுநேரம் யோசித்தார். "அப்ப காலைத்தான் நீட்டணும். மோட்டார் சைக்கிளுக்குன்னே பூட்ஸ் இருக்கு. அடிப்பாகம் செங்கல் கனத்துக்கு இருக்கும். டவுன்ல பாத்திருக்கேன். அதைப் போட்டா குட்டையனும் ஊணிடலாம்."

"விலை?"

"குறைஞ்ச விலையில நல்லதா எடுக்கிறதுக்குத்தானே நான் கூட வாரேன்" என்றார்.

டவுனில் நிற்காமல் சுற்ற இடம் போதாது என்பதால் மூவரும் பஸ்ஸில் போனார்கள். பூட்ஸ் கடை, நாலு பக்கமும் ரோடு ஓடுகிற தீவு மாதிரி ஓரிடத்தில் தனியாக இருந்தது. கடைக்காரர் பொறுமைசாலி. அன்றைக்குக் காலையில் பொறுமைசாலியாக இருந்தார் என்று சொல்வது இன்னும் சரி.

விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உயரம் கம்மியா இருக்கிறவங்களுக்கு அடி தடிமனா, குதி கொஞ்சம் தூக்கலா இருக்கணும். ரப்பர் வழுக்கக் கூடாது. கணுக்கால் ஆடாமப் பிடிக்கணும். ரொம்பக் கனமாவும் இருக்கக் கூடாது, கியர் மாத்தக் கஷ்டமாயிரும். அதோட, செலவே இல்லாம மெக்கானிக்கிட்ட சொல்லி சீட்டையும் கொஞ்சம் இறக்கிக்கிடலாம்."

"எங்க பய சீட்டை இறக்கச் சொல்ல நீரு யாருவே?" என்றார் ஆவுடையப்பன். கடைக்காரர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

"ஆனா காலையிலயே வந்துட்டீங்களே. பூட்ஸ் வாங்கிறதுன்னா சாயங்காலம் வரணும். பகல்ல அலைஞ்சு கால் கொஞ்சம் பெருத்திருக்கும். அப்ப போட்டுப் பாத்தாத்தான் அளவு சரியா அமையும்."

ஆவுடையப்பனின் முகம் மலர்ந்தது. "கேட்டியாடே. சாயங்காலம் ஆனா காலு பெருசாவுதாம். நாம என்னடான்னா காலையிலயே பொண்ணு பாக்கப் போயிருக்கோம். பொறவு எப்படி எட்டும்?"

மூவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தளவாய் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். கொம்பையா அவ்வப்போது ஒரு நூலை வைத்து அளந்து, "இன்னும் கிளம்பலை" என்று தகவல் சொன்னான். மத்தியானம் சாப்பிடப் போகலாமா என்ற பேச்சு வந்தபோது, "நாம இல்லாத நேரம் பாத்து வளந்துட்டா?" என்று ஆவுடையப்பன் தடுத்துவிட்டார். வந்துபோன ஆட்கள் எல்லாம், மூன்று பேர் தங்கள் கால்களை முறைத்துக்கொண்டு பட்டினி கிடப்பதைப் பார்த்து, ஏதோ போராட்டம் என்று நினைத்தார்கள். ஒருவர் வெள்ளரிக்காய் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆயிற்று. "நெனைச்ச அளவு வரலையே" என்றான் தளவாய்.

"அது மண்ணுக்குத் தக்கபடி இருக்கும்" என்றார் ஆவுடையப்பன். "வந்த மட்டும் போதும். பூட்ஸை எடும்."

கடைக்காரர் எடுத்துப் போட்டார். தார்ச்சட்டி நிறத்தில், அடிப்பாகம் உண்மையிலேயே செங்கல் கனத்துக்கு இருந்தது. "இதைப் போட்டுக்கிட்டு வண்டியில உக்காந்து பாக்கணும். அப்பத்தான் கால் எட்டுதா இல்லையான்னு தெரியும். பூட்ஸ் வாங்க வரும்போது வண்டியையும் கொண்டாந்திரணும். எப்பவும் அதை ஞாபகம் வச்சுக்கங்க" என்றார்.

மூவரும் அதை மனதில் நன்றாகப் பதித்துக்கொண்டார்கள். ஆனால் அன்றைக்கு வண்டி இல்லையே.

"நான் வண்டியா இருக்கேன்" என்று கொம்பையா கையையும் காலையும் தரையில் ஊன்றிக் குனிந்தான். தளவாய் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலும் தரையில் பொத்தென்று பதிந்தன. அப்போது அவன் பூட்ஸ்கூடப் போட்டிருக்கவில்லை.

"எட்டுதே அண்ணாச்சி. பூட்ஸே வேண்டாம் போலிருக்கு."

ஆவுடையப்பன் சந்தோஷமாக எழுந்து வாசல் வரைக்கும் போனார். பிறகு நின்றார். "பொறுடே. கொம்பையா குட்டை, வண்டி நெட்டை" என்றார். அவருக்கு ஏன் ஊரில் அத்தனை மரியாதை என்பது இப்போது புரிந்திருக்கும்.

கொம்பையாவைக் கல்லாப் பெட்டி இருந்த மேஜையின் மேல் ஏற்றிக் குனியவைத்தார்கள். அவன் முதுகில் தளவாய் உட்கார்ந்தபோது மின்விசிறி அவன் தலைமுடியை வகிடெடுத்துவிட்டது. பூட்ஸ் போட்ட கால் அந்தரத்தில் தொங்கியது.

"மேஜை மேல ஏத்திவச்சுப் பாத்தா என்னய்யா தெரியும்?" என்றார் கடைக்காரர். அவர் குரலில் காலையில் இருந்த பொறுமை இல்லை.

"உயரம்னு தெரியுதுல்லா" என்றார் ஆவுடையப்பன். "இதுதான் சரி, இதையே தாரும். விலை என்ன?"

விலையைக் கேட்டதும் கொம்பையா மேஜையிலிருந்து தானாக இறங்கிவிட்டான். ஒரு சீசன் வெற்றிலையை விற்றால்கூடப் பாதிக்குத்தான் பணம் தேறும்.

தளவாயின் முகம் சுண்டிப்போயிற்று. ஜன்னலுக்குள் கேட்ட சிரிப்பு உரக்கடைப் பக்கமாக நகர்ந்துகொண்டிருப்பது போல அவனுக்குத் தோன்றியது. அப்போதுதான் கொம்பையா, தன் வாழ்நாளில் முதல்முறையாக, யோசித்தான்.

"மாப்ளே, வண்டியை நிப்பாட்டும்போது ஒரு காலைத்தான ஊணுதோம்? இன்னொரு காலு மேல சும்மா இருக்கு. சும்மா இருக்கிற காலுக்கு எதுக்குலே பூட்ஸ்?"

கடைக்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஒத்தைப் பூட்ஸ் தருவீரா?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"ஜோடியாத்தான் தருவேன்."

"ரொம்ப நல்லது. இடதை இவன் வச்சுக்கிடட்டும், வலதைக் கொம்பையா வச்சுக்கிடட்டும். ஆளுக்குப் பாதி விலை. இவன் இடதுபக்கம் சாஞ்சு நிப்பான், அவன் வலதுபக்கம் சாஞ்சு நிப்பான்."

"வலது கால்லதான பிரேக் இருக்கு?" என்றார் கடைக்காரர் பலவீனமாக.

"காலு தரையில ஊணியிருக்கும்போது வண்டி நிக்கத்தான செய்யும்? நின்ன வண்டிக்கு எதுக்குவே பிரேக்?" என்றான் கொம்பையா. ஒருமுறை யோசித்தவனுக்கு நிறுத்த முடியவில்லை.

கடைக்காரர் பூட்ஸைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போது தொழில் பழக்கத்தில் சொல்லிவிட்டார்: "புதுசு, விறைப்பா இருக்கும். வண்டி ஓட்டுறதுக்கு முன்னால வீட்டுக்குள்ள போட்டு நடந்து பழகுங்க. ரோட்டுல நடக்காதீங்க, அடி தேஞ்சிரும்."

ஊருக்குத் திரும்பியதும் இந்த வாக்கியம்தான் பெரிய விவாதமாயிற்று.

"வீட்டுக்குள்ள நடக்கச் சொன்னாரு, சரி. ஆனா வீட்டுத் தரை சிமெண்டு. அதுலயும் தேயுமே" என்றான் தளவாய்.

"அடி தேஞ்சா உயரம் குறையும். உயரம் குறைஞ்சா காலு எட்டாது. காலு எட்டலேன்னா பொண்ணு உரக்கடைக்குப் போயிரும்" என்றான் கொம்பையா. இதை அவன் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற வேகத்தில் சொன்னான்.

"அப்ப தரையில படாம நடங்க" என்று தீர்ப்புச் சொன்னார் ஆவுடையப்பன்.

நடந்தார்கள். நிச்சயதார்த்தம் வரைக்கும் தினமும் காலையிலும் மாலையிலும் தளவாய் கட்டிலில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, இடதுகால் பூட்ஸோடு கூரையைப் பார்த்து நடந்தான். பக்கத்துக் கட்டிலில் கொம்பையா வலதுகால் பூட்ஸோடு நடந்தான். ஆவுடையப்பன் நடுவில் நின்று, "மெதுவா, மேடு வருது" என்று சொல்லிக்கொடுத்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பழம் வாங்கிவந்தார்கள். காற்றில் நடந்த களைப்பில் தளவாய் இரண்டு சுற்று இளைத்துப்போனான். பூட்ஸ் மட்டும் வாங்கிய மாதிரியே மினுமினுத்தது. வண்டியில் ஏறி ஒருமுறை நின்று பார்க்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. நின்றால் அடி தேயும்.

நிச்சயதார்த்தத்தன்று ஆவுடையப்பன் தட்டு, தாம்பூலத்தோடு முன்பஸ்ஸில் போய்விட்டார். போகும்போது ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். "முறை தப்பப்படாது. மாப்பிள்ளை வலதுபக்கம் வரணும், தோழன் இடதுபக்கம் வரணும். நம்ம ஊர்ல அதுதான் வழக்கம்."

தளவாய் வலதுபக்கமும் கொம்பையா இடதுபக்கமுமாக, வண்டிகள் இரண்டும் ஒட்டி ஒட்டிப் பனையடிப்பட்டிக்குள் நுழைந்தன. சிவனணைந்தான் வாசலில் நின்றார். சொந்தக்காரர்கள் நின்றார்கள். உரக்கடைக்காரர் மகனும் நடப்பதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து, இரண்டு காலையும் தரையில் அழுத்தமாக ஊன்றி நின்றான். அவன் வேண்டுமென்றே அப்படி நிற்பதாகத் தளவாய்க்குப் பட்டது.

வாசலுக்கு நேரே வந்ததும் தளவாய் இடதுகாலை நீட்டி இடதுபக்கம் சாய்ந்தான். கொம்பையா வலதுகாலை நீட்டி வலதுபக்கம் சாய்ந்தான். ஒருவர் தோள் மற்றவர் தோளில் முட்டிற்று. ஹாண்டில்பார்கள் கொம்பு கோத்த கிடாக்கள் மாதிரிக் கோத்துக்கொண்டன. வண்டிகள் இரண்டும் ஓட்டு வீட்டுக் கூரையின் இரண்டு சரிவு போல ஒன்றையொன்று தாங்கி நின்றன. விழவில்லை. நடுவில் இருந்த இடுக்கில் இரண்டு பூட்ஸும், தரைக்கு ஒரு சாண் மேலே, புத்தம் புதிதாகத் தொங்கின.

"நின்னாச்சு" என்றார் ஆவுடையப்பன் பெருமையாக. "தட்டை எடுங்க."

சிவனணைந்தான் குனிந்து பார்த்தார். "சாயலை, சரிதான். ஆனா காலு ஊணலையே."

"விழாம நிக்காம்லா?"

"நான் சொன்னது ஊணணும்னு. பேச்சு மாறப்படாது."

"கொஞ்சம் எட்டி ஊணுலே" என்றான் கொம்பையா.

"நீ நிமிந்தா நான் ஊணிருவேன்."

"நான் நிமிந்தா நீ என்மேல விழுவே."

"அப்ப நிமிராதே."

ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உரக்கடைக்காரர் மகன் தலையைச் சீவிக்கொள்ள ஆரம்பித்தான். கட்டிலில் கிடந்து நடந்த நடையெல்லாம் வீணாய்ப் போகிறதே என்று நினைத்துத் தளவாய் காலை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். பழக்கதோஷத்தில் அது காற்றில் அழகாக நடந்தது.

பட்டுச்சேலையோடு செண்பகவடிவு வாசலுக்கு வந்தாள். "எறங்கப்படாதா?" என்று கேட்டாள்.

"ஒருத்தன் எறங்கினா ஒருத்தன் விழுவான்" என்றான் தளவாய்.

"விழுந்தா என்ன, போன தடவை விழலையா?"

"போன தடவை பூட்ஸ் இல்லை."

அவள் அவனைச் சற்றுநேரம் பார்த்தாள். இப்படி ஒருவனை உரக்கடையில் தேடினாலும் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போய் ஒரு பனையோலைக் கடகத்தை எடுத்துவந்து, தோட்டத்து மண்ணை அள்ளி, தொங்கிய பூட்ஸுக்கு நேர் கீழே கொட்டினாள்.

"என்ன தாயி செய்யுதே?" என்றார் சிவனணைந்தான்.

"இவிய தரைக்கு வர மாட்டாவ. தரை இவியகிட்ட வரட்டும்" என்றாள். பிறகு உரக்கடைக்காரர் மகனைப் பார்த்து, "ஏ அண்ணே, சும்மாதான நிக்கிய. ரெண்டு கடகம் அள்ளிப் போட்டா குறைஞ்சா போவிய?" என்றாள்.

அண்ணே என்று சொன்ன பிறகு அவன் என்ன செய்வான். சீப்பைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மண் அள்ளினான். ஆறடி ஆள் என்பதால் வேலை சுருக்காக முடிந்தது. சக்கரங்கள் பாதிவரை புதைந்தன. மண் ஏறி ஏறி வந்து, கடைசிக் கடகத்தில் பூட்ஸின் அடியைத் தொட்டது. தளவாய் காலை அழுத்தினான். பூமி கெட்டியாக இருந்தது. வண்டியில் உட்கார்ந்தபடி பூமியை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை. அவன் கண் கலங்கிவிட்டது.

"ஊணிட்டேன் மாமா" என்றான். அந்த ஒரு வார்த்தையும் பேசியாயிற்று.

சிவனணைந்தான் சொன்ன சொல் மாறாதவர். மாப்பிள்ளை வண்டியிலேயே இருக்க, ஆவுடையப்பனோடு தட்டு மாற்றினார்.

ஆவணி போய்த் தை வந்தது, கல்யாணமும் நடந்தது. வண்டிகளைத் தோண்டி எடுத்தார்களே தவிர, அந்த மேட்டைச் சிவனணைந்தான் கலைக்கவில்லை. என் மருமகன் கால் ஊன்றிய இடம் என்று காரைபூசி வைத்துவிட்டார்.

தளவாய்க்கு அதிலிருந்து ஒரு கௌரவம் வந்துவிட்டது. கால் ஊன்றி நின்றவன் இனிமேல் வைக்கோல் படப்பில் போய்ச் சொருகுவதா? வண்டியை நிறுத்துவதென்றால் மாமனார் வாசல் மேட்டில்தான் நிறுத்துவான். "கால்கிலோ உள்ளி வாங்கிட்டு வாங்க" என்று செண்பகவடிவு சின்ன வெங்காயத்துக்குச் சொன்னால், பூட்ஸைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் பனையடிப்பட்டிக்குப் போவான். மேட்டிலிருந்து வண்டியை எடுத்து, சந்தைக்கு ஓட்டி, உள்ளிக் கடையை மூன்று சுற்றுச் சுற்றி, எந்த உள்ளி நல்ல உள்ளி என்று பார்த்து வைத்துக்கொள்வான். திரும்பப் பனையடிப்பட்டிக்கு ஓட்டி, மேட்டில் கால் ஊன்றி கம்பீரமாக நிறுத்துவான். பிறகு பஸ் ஏறிச் சந்தைக்கு வந்து உள்ளியை வாங்கிக்கொண்டு, இன்னொரு பஸ் ஏறி வீட்டுக்கு வருவான். அதற்குள் செண்பகவடிவு உள்ளி போடாமலே குழம்பு வைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியிருப்பாள். கொம்பையாவும் அப்படியேதான், மேட்டின் மறுபக்கம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு குறைதான். நாளெல்லாம் பஸ்ஸிலேயே இருக்க வேண்டியிருந்தது. பஸ் சீட்டில் உட்கார்ந்தால் அவர்களுக்குக் கால் தரைக்கு எட்டவில்லை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு பேரும் முன்சீட்டுக்காரர் மடியில் போய் விழுந்தார்கள்.

ஆவுடையப்பனைக் கேட்டார்கள். "பஸ்ஸுக்குன்னு தனியா பூட்ஸ் பாக்கணும்டே" என்றார் அவர். "அந்தக் கடைக்காரரு வண்டியைப் பத்திச் சொன்னது ஞாபகம் இருக்குல்லா?"

நன்றாகவே ஞாபகம் இருந்தது.

பூட்ஸ் கடைக்காரர் ஒருநாள் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆள் நிறைந்த டவுன் பஸ் ஒன்று கடையைக் கடந்து போயிற்று. ஜன்னலில் ஆவுடையப்பன் தலை தெரிந்தது. "பஸ்ஸுக்குப் போடுத பூட்ஸ் இருக்காவே?" என்று கேட்டது. கடைக்காரர் எழுந்து நின்றார். பஸ் கடையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வந்தது. "விலை குறைச்சலா" என்றது தலை. அன்றைக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த டிரைவர் நெட்டையாபுரத்துக்காரர் போலிருக்கிறது, ஸ்டியரிங்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. பஸ் நிற்கவில்லை.

மூன்றாவது சுற்றில் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "சார், எதையாவது கொடுத்து அனுப்புங்க சார்" என்று கெஞ்சினார். அவருக்குப் பின்னால் ஒரு ஜன்னலிலிருந்து ஒரு இடதுகாலும், அடுத்த ஜன்னலிலிருந்து ஒரு வலதுகாலும், அளவு பார்ப்பதற்காக வெளியே நீண்டுகொண்டிருந்தன.